இல்லாத கடையில் சாமைச் சோறு

கரியாலூரில் சாப்பாட்டுக் கடை எதுவும் கிடையாது, மலைக்குப் போகிறவர்கள் உணவைக் கையோடு கொண்டுபோகவும் என்று தேடுபொறி உலகத்துக்கு அறிவித்த வாரத்தில், நான் கரியாலூரில் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து சாமைச் சோறும் கோழிக் குழம்பும் தின்றுகொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் சேலத்துக் குடும்பம் ஒன்று பொட்டலம் பிரித்தது. புளிசோறு, ஆறிப்போன வடை. அருவியில் நனைந்து ஈரத்தலையோடு இறங்கியவர்கள்.

"இங்க கடையே இல்லைன்னு போன்ல போட்டிருந்துச்சு. அதான் கீழயே கட்டிக்கிட்டு வந்துட்டோம். கொஞ்சம் உக்காந்துக்கலாமாம்மா?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார்.

கடைக்காரி உட்காரச் சொன்னாள். தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பிறகு கொதிக்கிற குழம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா யக்கா, நான் இல்லியாமே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவளை இணையத்தில் இருக்கவைத்தவள் நான்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் சிரிப்பையும் அழுகையையும் ஒரே கணினியில் தட்டச்சு செய்து தலை நரைத்தவள். பத்திரிகை அடிப்பது குறைந்தபோது கடைக்காரர்கள் வேறொன்று கேட்டார்கள்: "எங்க கடைய போன்ல வர வைங்க மேடம்." கற்றுக்கொண்டேன். பசித்தவன் என்ன சொல்லைத் தட்டுவான், வலித்தவன் என்ன சொல்லைத் தட்டுவான், அந்தச் சொல் நம் பக்கத்தில் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. சொற்களை உட்காரவைக்கும் வேலை எனக்குப் புதிதில்லை. வீணான பத்திரிகைத் தாள்களின் பின்பக்கத்தில் வரி உடையாத கவிதைகள் எழுதி எழுதியே பாதி வாழ்க்கை போயிருந்தது.

ஓரிடத்தில் உட்கார முடியாத கால்கள் எனக்கு. மனசு முறுக்கிக்கொண்டால் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு மலைப் பேருந்தில் ஏறிவிடுவேன். அப்படிப் போன ஒருநாள் பசி கொண்டுபோய் நிறுத்திய இடம்தான் அந்தப் பலாமரம். ஒரு தகரக் கொட்டகை, மூன்று பெஞ்சு, இரண்டு அடுப்பு. பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது. ஆனால் ஒரு முறை இருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் போகும்போதே எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். அப்புறம்தான் உலை வைப்பாள், கோழி பிடிப்பாள். குளித்து இறங்கும்போது இலை தயார். சாமைச் சோறு ஆறினால் விறைத்துப்போகும் என்பது அவள் கட்சி. வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டாள்.

கடை வருவதற்கு முன்னால் அவளும் அவள் வீட்டுக்காரரும் வருஷா வருஷம் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மேஸ்திரியின் வண்டி வரும். இரண்டு பெண் பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டு ஏறினால் மூன்று மாதம் கழித்துத்தான் முகம் பார்க்கலாம். சின்னவள் ஒருமுறை திரும்பி வந்த அம்மாவை அடையாளம் தெரியாத மாதிரி நின்றாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்க மாட்டாள், அடுப்பைப் பார்ப்பாள். கடை ஓடிய இரண்டு வருஷமும் அவர்கள் வண்டி ஏறவில்லை.

கடை ஓடியதில் என் வரிகளுக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. படம் போடுகிற ஒரு செயலியிலும் வரைபடத்திலும் பலாமரம் என்றே பெயர் கொடுத்துப் பதிந்தேன். செயலியில் வாரம் ஒரு படம், நாலு வரி. "இன்று பண்ணைக்கீரை. நேற்றைய மழை இன்னும் தண்டுக்குள் இருக்கிறது." "கோழி மரத்தில் ஏறிவிட்டது. குழம்பு தாமதமாகும். பொறுத்தவர்களுக்கு ஈரல்." அவ்வளவுதான். விளம்பரத்துக்கென்று எதுவும் செலவழிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து வந்தார்கள், கடலூரிலிருந்து வந்தார்கள். கரியாலூர் சாப்பாடு என்று தட்டினால் பலாமரம்தான் முதலில் நின்றது. உண்மையை எழுது, ஒழுங்காக எழுது, தேடுகிறவன் வந்து சேருவான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை இன்னும் விடவில்லை. யாரை நம்பினேன் என்பதில்தான் தப்பு.

முதலில் வரிகள் காணாமல் போயின. அழிக்கவில்லை; யார் கண்ணிலும் காட்டவில்லை. படமும் எழுத்தும் இனி வேண்டாம், ஆடுகிற படம்தான் வேண்டும் என்று அந்தச் செயலி தனக்குள் முடிவெடுத்திருந்தது. எங்களை விரும்பிப் பின்தொடர்ந்தவர்களுக்கே எங்களைக் காட்டவில்லை. பந்தியில் உட்கார்ந்தவனுக்கும் பரிமாறுகிறவளுக்கும் நடுவில் ஒருவன் திரையைக் கட்டிவிட்டு, திரையை விலக்கக் கூலி கேட்கிற மாதிரி. தேடுபொறியிலும் இதே கதை. கல்வராயன் மலையில் சாப்பிடச் சிறந்த பத்து இடங்கள் என்று மலையேறாத எவரோ எழுதிய பட்டியல் எங்கள் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. அந்தப் பத்தில் நாலு சேலத்தில் இருந்தன. ஒன்று பெட்ரோல் பங்க். அப்புறம் அந்தப் பட்டியல்களை எல்லாம் மென்று ஒரு இயந்திரம் தானே பதில் சொல்லத் தொடங்கியது: கரியாலூரில் கடை இல்லை. மலைமேல் சிக்னல் கிடையாது. கீழே கச்சிராயபாளையத்தில் நின்று தேடினால்தான் உண்டு. அங்கேயே பொட்டலம் கட்டிக்கொண்டார்கள்.

சரி, ஆடச் சொன்னால் ஆடிப் பார்ப்போம் என்று நானும் குனிந்தேன். இப்போது நினைத்தாலும் முதுகு கூசுகிறது. உரலில் சாமை குத்தச் சொல்லி, ஏதோ ஒரு ஓடுகிற பாட்டைப் பின்னால் போட்டுப் படம் பிடித்தேன்.

"மில்லுல அரைச்ச சாமையை மறுக்கா எதுக்கு யக்கா குத்தணும்?"

"சும்மா குத்துற மாதிரி செய்ம்மா."

"சும்மா குத்துனா கையி வலிக்காதா? சிரிக்கச் சொல்ற வேற. நான் இன்னா நோம்பிக்கு வந்த பொம்மையா?"

அவள் வீட்டுக்காரர் பெஞ்சில் குந்திக்கொண்டு, "கொஞ்சம் இடுப்பை வளைச்சுக் குத்து, சினிமாவுல எடுத்துக்குவாங்க" என்றார். உலக்கை அவர் பக்கம் திரும்பியது. ஓடினார். ஓடும்போது ஒரு கோழியை மிதிக்கப் போய்ச் சேற்றில் மல்லாந்து விழுந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அதைத்தான் அந்தச் செயலி தூக்கிவைத்துக் கொண்டாடியது. துபாயிலிருந்து சிரித்தார்கள், பெயர் தெரியாத பாஷையில் சிரித்தார்கள். அவர் விழுந்ததை ஊரெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒருவர்கூடச் சாப்பிட வரவில்லை. "என்னை வுழவச்சு எவனோ சம்பாரிக்கிறான், எனக்கு ஒரு டீ கூட இல்லை" என்று அவர் மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிடத் தெளிவாக இந்தத் தொழிலை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

ஐப்பசி பிறந்தது. அருவியில் தண்ணீர் நிறைந்தது. பெஞ்சுகள் காலி. மேஸ்திரி ஆள் மூலம் சேதி அனுப்ப ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை வருவீங்களா, எடம் போட்டு வைக்கட்டுமா என்று. அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நிபுணர் இருந்தார். இதையே தொழிலாக நடத்துகிறவர். போனில் கேட்டேன். "உங்களுக்கு ரிவ்யூ பத்தலை மேடம். புதுசா முப்பது ரிவ்யூ வரட்டும், மேப்ல தானா மேல ஏறிடுவீங்க" என்றார். முப்பது பேருக்கு எங்கே போவது? அவள் ஊரிலேயே இருந்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், மகளிர் குழுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள். எல்லாருமே அவள் கையால் சாப்பிட்டவர்கள். பொய் ஒன்றும் இல்லை. மனசாட்சி குத்தாமல் சரி என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே டவர் பாறைக்கு ஏறியது. வளைவைத் தாண்டி இருக்கும் அந்தப் பாறையில் நின்றால்தான் போனில் கோடு விழும். இருந்த போன்கள் பத்துக்கும் குறைவு. ஒருவர் கணக்கிலிருந்து வெளியே வந்து இன்னொருவர் உள்ளே போக, எழுதத் தெரியாதவர்களுக்கு நானே தட்டிக் கொடுத்தேன். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே. "உப்பு அளவா போடுவா." "கஞ்சி ஊத்துனாலும் வவுறு குளுந்துடும்." "சோறு நல்லாருக்கும், வாய்தான் ஜாஸ்தி."

நட்சத்திரம் போடும் இடம் வந்தது. அஞ்சையும் அழுத்தப் போன என் கையைக் குழுத் தலைவி தட்டிவிட்டாள்.

"அஞ்சையும் குடுத்துட்டா கண்ணு பட்டுடும். ஒண்ணு கொறச்சலா வைங்க."

"அய்யோ, அஞ்சு வந்தாத்தாங்க மேல ஏறும்."

"நெறஞ்ச கொடத்த எவளாவது தெருவுல காட்டிகினு போவாளா? நாலு போதும். அவ நல்லா இருக்கணுமா வாணாமா?"

பாறை முழுக்கத் தலையாட்டியது. கடைக்காரியும் ஆட்டினாள். புதுசாய்க் கட்டுகிற வீட்டுக்குப் பூசணிக்காயில் முகம் எழுதித் தொங்கவிடுகிற ஊர் எங்களுடையது. நல்லது நல்லதாகவே தெரியக்கூடாது, ஒரு கரும்புள்ளி வேண்டும். எனக்கும் அது உள்ளுக்குள் சரியாகவே பட்டது. முப்பது பேரும் நாலு வைத்தார்கள். நாலு, நாலு, நாலு. ஒரே பாறை, ஒரே காலை, ஒரே கையின் எழுத்து.

இரண்டு நாளில் எல்லாம் போய்விட்டது. முப்பது பேரின் சொற்களும் போலியான நடவடிக்கை என்று துடைக்கப்பட்டன. அதோடு முந்தைய வருஷங்களில் வந்தவர்கள் தாங்களே எழுதியதும் போனது. வரைபடத்தில் பலாமரம் இருந்த இடத்தில் நிரந்தரமாக மூடப்பட்டது என்று ஒரு சிவப்பு வரி. கள்ளக்குறிச்சிக் கடையில் அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. கள்ளன் எவனாவது ஒன்றைக் குறைத்துப் போடுவானா? காசு வாங்கிப் பொய் சொல்கிறவன் அஞ்சையும் அல்லவா கொட்டுவான்? நேசத்தால் ஒன்றைக் குறைத்தவர்களைப் பிடித்துத் திருடர்கள் என்கிறது அந்த அறிவு. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டியது என் கை. இருபது வருஷமாகப் பிழை திருத்துகிற கை.

மேல்முறையீட்டுப் படிவம் கடைப் பலகையின் படம் கேட்டது. பலகை இல்லை. கதவு எண் கேட்டது. கதவே இல்லை. கடைப் பெயரில் மின் ரசீது கேட்டது. அவள் விறகடுப்பில் சமைக்கிறவள். மரத்தைப் படமெடுத்து அனுப்பினேன், மரத்தடியில் அவளை நிறுத்தி அனுப்பினேன். ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் நிராகரித்துப் பதில் வந்தது. மனிதர் எவரும் அதைப் படித்திருக்க முடியாது. இரண்டாம் முறையும் அப்படியே.

"விடுங்க மேடம், புதுப் பேர்ல ஒண்ணு ஆரம்பிச்சுடலாம். கொஞ்சம் பணம் போட்டு பூஸ்ட் பண்ணா அதுவே ஆள் கொண்டாரும்" என்றார் நிபுணர்.

மலையேறிப் போய் நடந்ததை அவளிடம் அப்படியே சொன்னேன். என் தப்பையும் சேர்த்து. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புதுப் பேரா? நான் இன்னா ஓடிப்போனவளா, வேற பேரு வச்சிகினு வர்றதுக்கு? நான் இருக்கறனா இல்லியான்னு அதுவா சொல்லணும்?"

"சொல்லக் கூடாதுதான். ஆனா ஊரு அதைத்தானேம்மா கேக்குது."

"அப்ப ஊரு கிட்ட நாமளே நேரா சொல்லலாம்."

நேராக என்றால் யாரிடம் என்று கேட்டேன். அவள் உள்ளே போய்ச் சில பள்ளிக்கூட நோட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். மேலே போகிறவர்கள் எத்தனை பேர் என்று சொல்லும்போது அவள் எழுதி வைத்துக்கொள்கிற நோட்டுகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு போன் எண். அவளுக்குப் பெயர் கேட்கிற பழக்கம் இல்லை. எண்ணுக்கு எதிரே, அவர்கள் சாப்பிட்டுப் போனபின் குறித்த அடையாளம்தான் இருந்தது. "கண்ணாடிக்காரரு, ரெண்டுவாட்டி ரசம்." "பெரிய வண்டி, புள்ளைக்கு காரம் கம்மி." "சாமை தின்னமாட்டேன்னுட்டு மூணு தரம் வாங்குன ஆளு." எழுத்துக் கூட்டி எழுதிய அந்த வரிகளைப் படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதியதில் எதுவும் இவ்வளவு நேராக ஒரு மனிதனை நிறுத்தியதில்லை.

எல்லா எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரே சேதியை ஒரேயடியாக எல்லாருக்கும் அனுப்பினால் நம் எண்ணையே முடக்கிவிடுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அனுப்பவில்லை. ஆளுக்கு ஒன்று எழுதினேன். அதைச் செய்யத்தான் நான் பிறந்தேனோ என்னவோ. "கண்ணாடி அணிந்தவருக்கு: அன்று நீங்கள் இரண்டாம் முறை கேட்ட ரசம் கரியாலூரில் இன்னும் கொதிக்கிறது. கடை மூடிவிட்டதாக உங்கள் போன் சொல்லும். நம்பாதீர்கள்." ஒரு வாரம், பத்திரிகை வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் பசியை எழுதினேன்.

பதில்கள் வர ஆரம்பித்தன. முதல் பதில் ஒரு பெண்ணிடமிருந்து: "எந்தக் கண்ணாடிக்காரர்? எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ஆபீஸ் வேலையா பாண்டிச்சேரி போயிருந்தார்." அடுத்தது ஒரு அம்மா: "என் பையன் மலைக்குப் போனானா? ஃப்ரெண்ட் கல்யாணம்னு சொன்னானே." ஒருவர் போன் போட்டு, என் எண் உனக்கு யார் கொடுத்தது என்று கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. மன்னிப்புக் கேட்டு அழித்தேன்.

கடைக்காரி போன் போட்டபோது கேட்டேன். அவள் பாறையில் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"ஆமா, வூட்டு நம்பர்தான் வாங்குவேன். அருவியில வழுக்கி வுழுந்துட்டா யாருக்குச் சொல்றது? கூட வந்தவங்க நம்பர் எதுக்கு, அவங்களும் தண்ணியிலதான இருப்பாங்க?"

அதாவது நான் எழுதிய அத்தனை வரிகளும் சாப்பிட்டவர்களுக்குப் போகவில்லை. வீட்டில் விட்டுவிட்டு வரப்பட்டவர்களுக்குப் போயிருந்தன. மனைவிகளுக்கு, அம்மாக்களுக்கு, மலைக்கு வரக் கூப்பிடாத தங்கச்சிகளுக்கு. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். எத்தனை வீட்டில் சண்டை மூட்டினேனோ.

தீபத்துக்கு முந்தைய ஞாயிறு நான் முதல் பேருந்திலேயே மேலே போய்விட்டேன். அவள் வீட்டுக்காரர் காப்பித் தோட்டத்துக்கான பையைக் கொட்டகை மூலையில் எடுத்து வைத்திருந்தார். போர்வை, இரண்டு தட்டு, மழைக்கோட்டு.

பத்து மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெண் கொட்டகையை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் ஒரு கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்.

"இவரு ரெண்டுவாட்டி ரசம் வாங்கின கடை இதானா?"

"இதான்மா. எத்தினி பேரு?"

"நாலு பேரு. என் அம்மாவையும் கூட்டிகினு வந்துட்டேன். எனக்கு மூணுவாட்டி ஊத்தணும், சொல்லிட்டேன்."

அப்புறம் ஒரு வேன். அதில் முழுக்கப் பெண்கள், ஒரே தெருக்காரர்கள், அன்றைக்கு ஆம்பளைங்க மட்டும் வந்துட்டுப் போனாங்க என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு வந்த பையன், அம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கூட்டம் என்று சொல்லமுடியாது. ஆனால் மூன்று பெஞ்சும் நிறைந்தன. இரண்டாம் பந்திக்கு மரத்தடியில் சாக்கு விரித்தோம். நான் வெங்காயம் உரித்தேன். உரித்துக்கொண்டே அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

போகும்போது ஒவ்வொருவரும் அவளிடம் நின்று ஏதோ சொன்னார்கள். அவள் எழுதிக்கொண்டாள்.

தீபத்துக்கு மறுநாள் மேஸ்திரியின் வண்டி வந்தது. மலையிலிருந்து தோட்டத்துக்குப் போகவேண்டியவர்கள் எல்லாரும் வண்டியில் ஏறி, மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் டவர் பாறையில் நாலு நட்சத்திரம் வைத்த பெண்களும் இருந்தார்கள். அதைப் பார்க்காதது மாதிரி இதை எழுத எனக்கு மனமில்லை.

"இன்னாங்க, வர்றீங்களா இல்லியா?" என்றார் மேஸ்திரி. "கடைதான் மூடிட்டதா போன்லயே போட்டிருக்குது."

"போட்டா போட்டுக்கினு போவட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு வேன் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுக்கு அடுத்த வாரமும் சொல்லியிருக்காங்க. வாக்கு குடுத்துட்டு நான் எங்க வர்றது?"

"சரி, பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம்."

"பொங்கலுக்கு அப்புறமும் இங்கதான் இருப்பேன்."

அவர் அவள் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கொட்டகைக்குள் போனார். பையுடன் வருவாரோ என்று கொட்டகை வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மழைக்கோட்டை மட்டும் உருவி எடுத்து வந்து, வண்டியில் நனைந்துகொண்டிருந்த குழுத் தலைவியிடம் கொடுத்தார். வண்டி வளைவில் இறங்கி மறைந்தது.

நிபுணர் இன்னொரு முறை கூப்பிட்டார். மூன்றாவது மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதாம். வேண்டாம் என்றேன். சிவப்பு வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது, நிரந்தரமாக மூடப்பட்டது என்று. இருக்கட்டும். நிரந்தரம் என்றால் என்னவென்று தெரியாத ஒன்று எழுதிய வரி அது. எனக்கு வேறு வேலை இருக்கிறது. இந்த வாரத்து நோட்டுப் படங்கள் கணினியில் திறந்திருக்கின்றன. முதல் எண்ணுக்கு எதிரே அவள் எழுதியிருக்கிறாள்: "மூணுவாட்டி ரசம். அம்மாக்கு பல்லு இல்லை, சோறு கொழைய வை." அதற்கு எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.